கறுத்துப்போன அட்டையும் கொல்லையில் உருகும் ஈயமும்

சேலம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால், சில அடையாளங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறார். கணவருக்கு 39 வயது, பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். நாலரை வயதில் ஒரு மகன். ஓராண்டாக இவருக்குச் சோர்வு, தலைவலி, முடி கொட்டுதல். இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறார்கள். அதற்கு முன் "உடம்பில் இத்தனை வருடமாகச் சேர்ந்த நஞ்சை எல்லாம் இறக்கிவிட வேண்டும்" என்று, தெரிந்த பெண் ஒருவரிடம் 6,800 ரூபாய் கொடுத்து 21 நாள் நச்சு நீக்கத் தொகுப்பு ஒன்றை வாங்கியிருக்கிறார். காலையில் பச்சைப் பொடி கலந்த சாறு. மதியம் வரை வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. மாலையில் பெயர் எழுதாத புட்டியிலிருந்து ஒரு சிவப்புப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். இரவில் உள்ளங்காலில் ஒட்டிக்கொள்ள அட்டைகள். விற்றவர் சொன்னபடி, "ரசாயனம்" என்பதால் தைராய்டு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். ஒன்பது நாள் ஆகிவிட்டது. அட்டை ஒவ்வொரு காலையும் தார் போலக் கறுத்திருக்கிறதாம், உடம்பும் லேசாக இருக்கிறதாம்.

அவருடைய கேள்விகள் நான்கு. அட்டையில் இறங்குவது நஞ்சுதானே? மகனுக்கும் பாதி அளவு கொடுக்கலாமா? தலைமுடியை அனுப்பி நஞ்சுப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா? மருந்தடித்த காய்கறி, கல் வைத்துப் பழுத்த மாம்பழம் இவற்றிலிருந்து எப்படித் தப்புவது?

இந்த நான்கிலும் இல்லாத ஒரு விஷயம் ஐந்தாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது மூன்றே வரிகளில் வந்து போகிறது. கடையில் இடம் போதாததால் கணவர் இரண்டு வருடமாக வீட்டுக் கொல்லையில்தான் பழைய பேட்டரிகளை உடைத்து, ஈயத்தை உருக்கி, டெர்மினல் வார்க்கிறார். அவருக்கு அடிக்கடி வயிற்றைப் பிடித்து முறுக்கும் வலி, மலச்சிக்கல், எதற்கெடுத்தாலும் எரிச்சல். மகன் மண் தின்கிறான். ரத்தச் சோகைக்கு மூன்று மாதம் இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் ஏறவில்லை.

சகோதரி, அந்த மூன்று வரிகளுக்காகத்தான் உங்கள் கடிதத்தை மற்றவற்றுக்கு முன்னால் எடுத்தேன்.

இன்றைக்கே செய்ய வேண்டியவை

சிவப்புப் பொடியை நிறுத்துங்கள். பச்சைச் சாற்றையும் நிறுத்துங்கள். நாளைக் காலை வெறும் வயிற்றில் உங்கள் தைராய்டு மாத்திரையைப் பழைய அளவிலேயே தொடங்குங்கள். விட்டுப்போன நாள்களுக்குச் சேர்த்து இரட்டிப்பாகப் போட வேண்டாம். நிறுத்தியும் ஒன்றும் ஆகவில்லையே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும், அதனால் குறைபாடு உடனே தெரியாது. ஆனால் கருத்தரிக்க நினைக்கும் பெண்ணுக்கு அந்த மாத்திரைதான் மிக முக்கியம். முதல் சில மாதங்களில் குழந்தையின் மூளை வளர்ச்சி தாயின் தைராய்டு சுரப்பை நம்பித்தான் நடக்கிறது. உங்கள் சோர்வுக்கும் முடி கொட்டுவதற்கும்கூட தைராய்டு அளவு சரியாக இல்லாதது காரணமாக இருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் ஒழுங்காகப் போட்ட பிறகு ரத்தப் பரிசோதனை செய்து, அளவு சரிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

இரண்டாவது, கொல்லையில் ஈயம் உருக்குவது இன்றோடு நிற்க வேண்டும். மூன்றாவது, நீங்கள், கணவர், மகன் மூவருக்கும் ரத்தத்தில் ஈய அளவுப் பரிசோதனை. மகனுக்கு இந்தத் தொகுப்பில் பாதி, கால் என்று எந்த அளவும் வேண்டாம். பேதிக்கும் கொடுக்க வேண்டாம். பேதி குடலைக் காலி செய்யுமே தவிர ரத்தத்தையோ எலும்பையோ தொடாது. சிறு குழந்தையை உடம்பு வற்ற வைத்துத் துவள வைப்பதுதான் மிச்சம்.

அட்டை ஏன் கறுக்கிறது?

மீதமிருக்கும் அட்டைகளில் ஒன்றை எடுத்து இட்லிப் பானை ஆவியில் சற்று நேரம் காட்டிப் பாருங்கள். இட்லிப் பானைக்குக் கால் இல்லை, உடம்பில் நஞ்சும் இல்லை, ஆனாலும் அட்டை கறுக்கும். மரத்தைக் கரியாக்கும்போது கிடைக்கும் புகைநீரைக் காயவைத்த பொடிதான் பெரும்பாலும் இந்த அட்டைகளில் இருக்கிறது. ஈரம் பட்டால் அது நிறம் மாறும். இரவெல்லாம் ஒட்டி வைத்த உள்ளங்காலில் வியர்வை இருக்கத்தானே செய்யும்? இதே போன்ற அட்டைகளை விற்ற ஒரு நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வணிக ஆணையம் 2009இல் வழக்கே போட்டது. கால்களை ஒரு தொட்டியில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் தண்ணீர் பழுப்பாகும் என்று காட்டுவதும் இதே வித்தைதான். அந்தப் பழுப்பு, மின்முனை இரும்பு கரைந்த துரு. தொட்டியில் கால் வைக்காவிட்டாலும் தண்ணீர் பழுப்பாகும்.

'உடம்பு லேசாக இருக்கிறது' என்பதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். ஒன்பது நாளாக மதியம் வரை சாப்பிடவில்லை. உடம்பிலிருக்கும் மாவுச் சத்துச் சேமிப்பும் அதோடு சேர்ந்த தண்ணீரும் குறைந்திருக்கும், எடையும் இறங்கியிருக்கும். பொரித்த பண்டங்களையும் இனிப்பையும் விட்டிருப்பீர்கள். யாருக்கும் லேசாகத்தான் இருக்கும்.

கல்லீரல் காப்பி ஃபில்டர் அன்று

நம்மில் பலர் கல்லீரலைக் காப்பி ஃபில்டர் போல நினைத்துக்கொள்கிறோம். நாளாக ஆகத் துளைகளில் மண்டி அடைக்கும், அடுப்பில் காட்டித் துளைகளைத் திறக்க வேண்டும் என்று. கல்லீரல் எதையும் வடித்துத் தேக்கிவைப்பதில்லை. ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் ரத்தம் அதன் வழியாக ஓடுகிறது. வருகிற வேண்டாத பொருளைப் பிடித்து முதலில் உருவத்தை மாற்றுகிறது, பிறகு தண்ணீரில் கரையும்படி இன்னொரு மூலக்கூறை அதோடு ஒட்டிவிடுகிறது. அப்படிக் கரைந்ததைச் சிறுநீரகமும் பித்தமும் வெளியே அனுப்புகின்றன. சிறுநீரகங்கள் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் போல மட்டும் சிறுநீராக விட்டு, மீதியைத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் தூங்கும்போதும் இந்த வேலை நடக்கிறது. யாரும் 21 நாள் விடுமுறை விட்டுச் சுத்தம் செய்ய வேண்டிய இயந்திரமில்லை.

எல்லா நஞ்சும் தானாகப் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. பாரசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். கல்லீரல் அதை மாற்றும்போது உண்டாகும் ஒரு துணைப்பொருள் கடுமையான நஞ்சு. வழக்கமான அளவில் குளுட்டதையோன் என்ற பொருள் அதை உடனே அடக்கிவிடும். அளவு மிஞ்சினால் குளுட்டதையோன் தீர்ந்துபோகும், கல்லீரல் வெந்துபோகும். அதற்கு நாங்கள் கொடுக்கும் முறிவு மருந்தான அசிட்டைல் சிஸ்டீன், தீர்ந்துபோன அந்தச் சரக்கை மறுபடி தயாரிக்க மூலப்பொருள் தருகிறது. மருத்துவத்தில் நஞ்சு நீக்கம் என்றால் இதுதான்: எந்த நஞ்சு, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கென்று உள்ள மருந்தைக் கொடுப்பது. உங்களுக்கு விற்றவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இது எந்த நஞ்சை எடுக்கும்? பெயர் சொல்லுங்கள்."

சுத்தம் செய்கிறேன் என்று போய்ச் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களும் உண்டு. கேரளத்தில் மலையாளிகள் இரும்பன்புளி என்று சொல்லும் பிலிம்பிக் காயின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததையும், அவர்களில் ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டதையும் 2013இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அந்தக் காயில் மிகுந்திருக்கும், சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் ஆக்சலேட் என்ற உப்பு செய்த வேலை அது. பச்சையாக அரைத்த கீரைகளிலும் ஆக்சலேட் உண்டு. கூட்டாகவும் மசியலாகவும் சாப்பிடும் கீரை வேறு, கட்டுக் கட்டாகப் பிழிந்து வெறும் வயிற்றில் தினமும் குடிப்பது வேறு.

சிவப்புப் பொடிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. சித்த மருத்துவத்தின் மீது எனக்குப் பகை கிடையாது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் நோயாளியைப் பார்த்து, பெயர் சொல்லி, அளவு சொல்லிக் கொடுப்பதைப் பற்றி நான் இங்கே பேசவில்லை. பெயரில்லாத புட்டியைப் பற்றித்தான் பேசுகிறேன். சித்த மருந்துப் பொடிகளான செந்தூரம், பற்பம் வகைகள் பல உலோகத்திலிருந்து செய்யப்படுபவை. தெற்காசியாவில் தயாராகி பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 பொருள்களை ஆய்வு செய்து 2004இல் வெளியிட்டார்கள். அவற்றில் 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் இவற்றில் ஒன்றாவது இருந்தது. நஞ்சை இறக்க வாங்கியதே நஞ்சை ஏற்றினால் என்ன சொல்வது!

ஈயம் மட்டும் ஏன் வேறு?

பிளாஸ்டிக்கிலிருந்து வரும் பிஸ்ஃபீனால் போன்ற பொருளை உடம்பு ஒரு நாளுக்குள் பெரும்பாலும் சிறுநீரில் அனுப்பிவிடுகிறது. ஈயத்தின் கதை வேறு. கல்லீரலால் அதை உடைக்க முடியாது, அது தனிமம். உடம்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று ஏமாந்து எலும்பில் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம், எலும்பில் இருப்பது குறையப் பல பத்தாண்டுகள். கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும்போதும் தாயின் எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வரும்போது, ஒளிந்திருந்த ஈயமும் கூடவே குழந்தைக்குப் போகும். அடுத்த குழந்தைக்கு முன்னால் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்கள் மனம் சொன்னது சரிதான், சகோதரி. பார்க்க வேண்டிய இடம்தான் உள்ளங்கால் இல்லை.

ஈயம் 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், சாதாரணக் கரி அடுப்பே போதும். உருக்கும்போது மேலே படியும் சாம்பல் நிற ஆடையைக் கணவர் வழித்துப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தூளும் புகையும் கொல்லை மண்ணில், துணியில், கொடியில் காயும் போர்வையில், உங்கள் தையல் துணிகளில் எல்லாம் படியும். மணமில்லை, கண்ணுக்கும் தெரியாது. பெரியவர்கள் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு போலத்தான் உடம்பில் சேரும், குழந்தைக்குப் பாதி வரை சேரும். இரும்புச் சத்து குறைவாக இருந்தால் இன்னும் கூடுதலாகச் சேரும். வெறும் வயிற்றில் இருந்தாலும் அப்படியே. நீங்கள் மதியம் வரை பட்டினி கிடந்தது எந்த விதத்தில் உதவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கணவரின் வயிற்று முறுக்கலும் மலச்சிக்கலும் எரிச்சலும் ஈயத்துக்குப் பொருந்துகின்றன. மகனின் ரத்தச் சோகையும் பொருந்துகிறது, ஏனென்றால் ஹீமோகுளோபின் தயாராகும் பாதையையே ஈயம் தடுக்கும். பொருந்துகின்றன என்றுதான் சொல்கிறேன். மண் தின்னும் குழந்தைக்குக் குடற்புழு இருக்கலாம், வெறும் இரும்புக் குறைவாகவும் இருக்கலாம். அதைச் சொல்லப் பரிசோதனை வேண்டும்.

கையில் ஊசி போட்டு நரம்பிலிருந்து எடுத்த ரத்தம்தான் வேண்டும். விரல் நுனியில் எடுத்தால், தோலில் ஒட்டியிருக்கும் தூளே கணக்கைக் கூட்டிவிடும். பெரிய ஆய்வகங்களின் கிளைகள் ரத்தத்தை எடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பி முடிவு தருவார்கள். தலைமுடிப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம், வெளியிலிருந்து முடியில் படிந்த தூளுக்கும் உள்ளிருந்து வந்ததற்கும் அது வித்தியாசம் சொல்லாது. ஏதோ மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரில் உலோகம் பார்க்கிறோம் என்பவர்களிடமும் போக வேண்டாம்.

முடிவில் வரும் எண்ணை இப்படிப் படியுங்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி, ரத்தத்துக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி. குழந்தைக்கு 45 அல்லது அதற்கு மேல் இருந்தால், ஈயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து தேவைப்படும். அதற்கும் மருத்துவமனைதான் இடம். அமெரிக்காவில் தவறான வகை மருந்தை ஏற்றியதால் ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து திடீரென இறங்கி 2005இல் ஒரு குழந்தை இறந்திருக்கிறது. அந்த மருந்து கொடுத்தாலும், கொல்லையில் ஈயம் உருகிக்கொண்டே இருந்தால் எலும்பும் மண்ணும் மறுபடி ரத்தத்தை நிரப்பிவிடும். உங்கள் ஊர் மருத்துவருக்குச் சந்தேகம் இருந்தால், தில்லி எய்ம்ஸில் இரவும் பகலும் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தை அவர் கேட்டுக்கொள்ளலாம்.

கணவரிடம் எப்படிச் சொல்வது?

இதுதான் கடினமான பகுதி. அவர் செய்யும் வேலையில்தான் குடும்பம் நடக்கிறது. "உங்களால்தான் பிள்ளைக்கு இப்படி" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். அவருடைய வயிற்று வலியில் தொடங்குங்கள். "உங்களுக்குப் பரிசோதனை செய்தால் போதும் என்று டாக்டர் சொல்கிறார்" என்று கூட்டிப்போய், அங்கேயே மூவருக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். கடையில் உதவிக்கு இருக்கும் பையன்களையும் அவர் அழைத்துவரட்டும், அவர்களும் பிள்ளைகள்தான்.

கடையை மூட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. பேட்டரி விற்பது, சார்ஜ் போடுவது, பழையதை வாங்கி வைப்பது எல்லாம் தொடரலாம். உடைப்பதும் உருக்குவதும்தான் விஷயம். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளை மறுசுழற்சி செய்ய, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கொல்லையில் உடைத்து உருக்குவது சட்டப்படியும் ஆபத்து. உடைக்காமல் முழு பேட்டரியாகவே பதிவு பெற்றவர்களிடம் எடைக்குக் கொடுத்தால் கொஞ்சம் வருமானம் குறையலாம். அதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கர் அருகே ஒரு குடியிருப்பில் இப்படிப் பேட்டரி உடைத்த இடத்தைச் சுற்றி, 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச் வரை பதினெட்டுக் குழந்தைகள் இறந்தார்கள். அது மிகவும் பெரிய அளவில் நடந்த இடம், உங்கள் கொல்லை அப்படி இல்லை. கணவர் இதைச் சின்ன விஷயம் என்று சொன்னால் மட்டும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வீட்டைச் சுத்தம் செய்யும் சில வாரங்களுக்கு மகனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்ப முடிந்தால் நல்லது. விளக்குமாறு வேண்டாம், தூள் பறக்கும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றாமல் சாக்கடையில் விடுங்கள். உருக்கிய இடத்து மண்ணைச் சிமெண்டால் மூடுவது மேல். கணவர் கடையிலேயே குளித்து உடை மாற்றிக்கொண்டு வரட்டும். அந்த உடையைத் தனி வாளியில் துவையுங்கள், செருப்பு வாசலோடு நிற்கட்டும். கை கழுவ வெறும் தண்ணீர் போதாது, சோப்பு வேண்டும். மகனுக்கு வேளை தவறாமல் சாப்பாடு, அதில் கேழ்வரகு, முட்டை, முருங்கைக் கீரை, கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்திருந்தால் ஈயத்துக்கு உள்ளே இடம் குறையும்.

ஈயச் சொம்பு ரசத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இதைப் படிக்கும் பத்துப் பேராவது கேட்பார்கள். அது வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது காரீயம். சுத்தமான வெள்ளீயமாக இருந்தால் ரசத்துக்கு ஆபத்தில்லை. மலிவுக்காகக் காரீயம் கலந்த சொம்பில், அதுவும் புளித் தண்ணீர் கொதித்தால் ஈயம் இறங்கும். எது என்று தெரியாத சொம்பைச் சமையலறையிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.

மாம்பழம், காய்கறி, கொசுவர்த்தி

இவை உங்கள் கடிதத்தில் இரண்டு பக்கத்தைப் பிடித்திருக்கின்றன, பதில் சுருக்கமானது. கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது நாட்டில் தடை செய்யப்பட்டது, எத்திலீன் வாயுவை மட்டும் குறிப்பிட்ட அளவில் அனுமதிக்கிறார்கள். பழத்தை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, தோல் நீக்கிச் சாப்பிடுங்கள். காய்கறியைக் கழுவுங்கள், கீரையை இரண்டு முறை அலசுங்கள், ஒரே கடை, ஒரே காய் என்று இல்லாமல் மாற்றி மாற்றி வாங்குங்கள். மருந்துக்குப் பயந்து காய்கறியே சாப்பிடாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். சூடான சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்க வேண்டாம், 2019 ஜனவரியிலிருந்து அந்தப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது.

ஆனால் 'தினமும் இரவு ஜன்னலை மூடிக் கொசுவர்த்தி ஏற்றுகிறோம்' என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் ஒரு ஆய்வு அளந்து சொன்னது. உங்கள் காலைத் தலைவலிக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கொசுவலை வாங்குங்கள், அட்டைக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகாது.

ஒரு வேண்டுகோள். இதைப் படித்த கோபத்தில் அந்தச் சிவப்புப் பொடியைக் கொல்லையில் கொட்டிவிடாதீர்கள். மூடி, பையில் கட்டி, எத்தனை நாள் எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி, பையனுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ரத்தம் கொடுக்கப் போகும் அன்று மருத்துவரிடம் அதையும் கொண்டுபோய்க் கொடுங்கள்.